பதினெட்டும் பதினான்கும்: ஊவா மாகாண சபை யாரால் ஆனது

(அப்புத்தளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் நிற்கும் தம்பிமாரே, முன்வரிசையில் கதிரை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். முன்வரிசை கட்சிக்காரருக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "இல்லாத சபையைப் பற்றி ஒன்றரை மணி நேரமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20. அந்தச் சபையின் காலம் 2019இல் முடிந்தது. ஒன்பது மாகாண சபைகளில் கடைசியாகக் கலைந்தது நம்முடையதுதான். அதன் பிறகு ஆளுநரும் செயலாளர்களும் மாகாணத்தை நடத்துகிறார்கள். பாடசாலைக்குக் கூரைத் தகடு வேண்டுமென்றால் மனு எழுதுகிறோம். தட்டிக் கேட்க உறுப்பினர் இல்லை. இல்லாத சபை என்பதால்தான் அது எப்படி உருவானது என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. சபை நடக்கும்போது யார் அமைச்சர், யார் தாவினார் என்பதற்கே நமக்கு நேரம் போதாது.

2014இன் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைச் சின்னத்தில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 349,906 வாக்குகள், 19 ஆசனங்கள். யானைச் சின்னத்தில் ஐக்கிய தேசியக் கட்சி 274,773 வாக்குகள், 13 ஆசனங்கள். மணிச் சின்னத்தில் ஜே.வி.பி. 36,580 வாக்குகள், 2 ஆசனங்கள். மொத்தம் 34. ஐந்து ஆண்டுக்கு முன் 2009இல் இதே மாகாணத்தில் வெற்றிலைக்கு 25, யானைக்கு 7 என்றிருந்தது. போர் முடிந்த மூன்றாம் மாதம் நடந்த தேர்தல் அது. 72 சதவீதத்திலிருந்து 51க்கு இறங்கியபோது மஹிந்த ராஜபக்சவின் ஆட்சியில் விரிசல் விழுந்துவிட்டது என்று கொழும்பில் பேசினார்கள். நாலு மாதத்தில் ஜனாதிபதித் தேர்தலிலும் அவர் தோற்றார். இவ்வளவும் பத்திரிகையில் வந்ததுதான். நான் பேச வந்தது வேறு.

அந்த 34 ஆசனங்களில் 18 பதுளை மாவட்டத்துக்கு, 14 மொனராகலைக்கு, மீதி இரண்டு மாகாணத்தில் முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸ். 2009இல் இந்தப் பங்கு பதுளைக்கு 21, மொனராகலைக்கு 11 என்று இருந்தது. இடையில் பதுளைக்காரர் மூன்று ஆசனத் தூரம் மொனராகலைக்குக் குடிபெயரவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் பதுளையில் 815,405 பேர், மொனராகலையில் 451,058 பேர். மக்கள்தொகையை மட்டும் வைத்து 32ஐப் பிரித்தால் மொனராகலைக்கு 11தான் வருகிறது. நிலப்பரப்பையும் கணக்கில் எடுத்தால் கதை மாறும். மொனராகலை பதுளையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பெரியது. அதில் நிறையக் காடு. காட்டு யானைக்கும் சேர்த்து ஆசனம் ஒதுக்கினார்கள் என்று பண்டாரவளைப் பக்கம் அப்போது பகடி பேசியவர்கள் உண்டு. வெற்றிலையின் முதலமைச்சர் வேட்பாளர் சஷீந்திர ராஜபக்ச போட்டியிட்டது மொனராகலையில் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். உள்நோக்கத்தை நிரூபிக்க என்னால் முடியாது. விளைவைக் கணக்குப் போட முடியும்.

பதுளையில் செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 441,300. பதினெட்டால் வகுத்தால் ஓர் உறுப்பினருக்கு 24,500. மொனராகலையில் ஏறத்தாழ 241,400. பதினான்கால் வகுத்தால் 17,200. பதுளையில் பத்துப் பேர் போட்ட வாக்குக்கு மொனராகலையில் ஏழு பேர் போட்டால் போதும் என்றாகிறது. மாகாணத்துத் தோட்டங்களில் பெரும்பகுதி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று இந்த மண்டபத்தில் நான் சொல்லத் தேவையில்லை.

பழைய 21, 11 பங்கீட்டில் அதே 2014 வாக்குகளைப் போட்டுப் பார்த்தேன். வெற்றிலைக்குப் பதுளையில் 10, மொனராகலையில் 6. யானைக்கு 10, 4. மணிக்கு 1, 1. அதாவது போனஸுக்கு முன் ஆளும் கட்சி 16, எதிர்த்தரப்பு 16. போனஸ் இரண்டும் வந்துதான் 18 ஆகியிருக்கும். உண்மையில் கிடைத்தது 19. ஓர் ஆசனம்தானே என்று தோன்றலாம். 34 பேர் உள்ள சபையில் ஓர் ஆசனம் என்ன செய்யும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பதுளையின் 18 ஆசனங்கள் எப்படிப் பங்காயின என்பதையும் பார்க்க வேண்டும். நமது சமூகத்தின் பிரதிநிதித்துவம் இத்தனை காலமும் தங்கியிருந்தது இந்தக் கணக்கில்தான். வெற்றிலைக்கு 209,056 வாக்குகள். 24,500 வீதம் எடுத்தால் எட்டு முழு ஆசனம், மிச்சம் 13,000 அளவில். யானைக்கு 197,708. அதற்கும் எட்டு முழு ஆசனம், மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு சொச்சம்தான். மணிக்கு 21,871. ஒரு முழு ஆசனத்துக்குக்கூடப் போதாது. அத்தனையும் மிச்சக் கணக்கில் போகிறது. பதினாறு முடிந்தது, இரண்டு பாக்கி. அதிக மிச்சம் வைத்திருப்பவருக்கு முதலாவது: அது மணி. அடுத்தது வெற்றிலை. 9, 8, 1. ஜே.வி.பி.க்குப் பதுளையில் கிடைத்தது 4.96 சதவீதம். பாராளுமன்றத் தேர்தலாக இருந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே போனவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மாகாண சபைத் தேர்தலில் அந்த வாசல்காப்பு இல்லை.

இந்தக் கதவு வழியாகத்தான் 2009இல் மலையக மக்கள் முன்னணி மண்வெட்டிச் சின்னத்தில் தனியாக நின்று உள்ளே போனது. அதற்குக் கிடைத்தது 9,227 வாக்குகள். அந்த ஆண்டு மாகாணத்தின் சராசரி ஓர் ஆசனத்துக்கு 18,000 வாக்குகள். பாதி ஆசனத்துக்குத்தான் வாக்கு இருந்தது. ஆசனம் முழுதாகக் கிடைத்தது. விகிதாசாரத்தைத் திட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மிச்ச வாக்கில் வந்தவர் என்று ஏளனமும் செய்வார்கள். லயத்து வாக்கைப் பொறுத்தவரை மிச்சம் என்பது பெரிய சொத்து. ஹொங்கொங்கில் 1998க்குப் பிறகு பல தேர்தல்களில் இதே பெருமிச்ச முறை இருந்தது. அங்கே பெரிய கட்சிகளே தங்கள் பட்டியலை வேண்டுமென்று இரண்டாக உடைத்து மிச்சத்தில் ஆசனம் பிடித்தன. நம்மவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். பெரிய கட்சிப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்து விருப்பு வாக்கில் மேலே வந்தார்கள்.

வாக்குச் சீட்டை நினைத்துப் பாருங்கள். மேலே கட்சிகளும் சின்னங்களும். கீழே இலக்கக் கட்டங்கள். 2014இல் பதுளையில் ஒவ்வொரு பட்டியலிலும் 18உடன் மூன்று சேர்த்து 21 பேர். கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு. பிரட்டுக்களத்தில் தலைவர்மார் அந்த இலக்கங்களைப் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்தது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பெயரை வாசிக்கச் சிரமப்படும் ஆச்சிகூட இலக்கம் மூன்றையும் மறக்கமாட்டாள். சிங்களக் கிராமங்களில் பட்டியலின் வேட்பாளர்கள் ஒருவரோடொருவர் மோதி விருப்பு வாக்கைச் சிதறடிக்கும்போது, தோட்டத்து வாக்கு இரண்டு மூன்று பேர் மேல் குவிந்து விழும். மாவட்டத்தில் தமிழர் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் வெற்றிலைப் பட்டியலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் செந்தில் தொண்டமான் போன்றவர்கள் வென்று மாகாண அமைச்சர் வரை போக முடிந்ததற்கு இந்தக் குவிப்பு ஒரு காரணம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. சந்தா கட்டும் சங்கம்தான் வேட்பாளரைத் தெரிவு செய்தது. தோட்டத்தில் யாரும் யாரையும் தெரிவு செய்யவில்லை. இலக்கம் மேலிருந்து வந்தது, புள்ளடி கீழிருந்து போனது. அந்த ஆண்டு யானைப் பட்டியலில் பாராளுமன்ற ஆசனத்தை விட்டுவிட்டு மாகாண சபைக்கு இறங்கிய ஹரின் பெர்னாண்டோவுக்கு 170,000க்கு மேல் விருப்பு வாக்கு. பதுளையில் யானைக்கு விழுந்த வாக்குகள் மொத்தமே 197,708. அப்படியென்றால் யானைக்குப் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அவருடைய இலக்கத்தையும் குறித்திருக்கிறார்கள். தோட்டத்து வாக்கும் அதில் அடங்கும். பாக்கியிருந்த இரண்டு விருப்பிலிருந்துதான் யானைப் பட்டியலின் தமிழ் வேட்பாளர்கள் மேலே வர வேண்டியிருந்தது.

இனி அந்த ஓர் ஆசனத்துக்கு வருவோம். 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தல். ஒரு வாரத்துக்குள் ஊவாவில் சஷீந்திர ராஜபக்ச போய் ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சரானார். வாக்காளர் எவரும் மறுபடி வாக்குச் சாவடிக்குப் போகவில்லை. 19, 13, 2 என்று எண்ணி அறிவித்த சபை, அதே 34 பேரோடு மறுபக்கம் திரும்பியது. ஆறேழு பேர் தாவ வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று பேர் தாவினாலே போதுமென்று இருக்கும்போது ஒவ்வோர் ஆசனத்துக்கும் சந்தை விலை ஏறுகிறது. அந்த ஆகஸ்டில் ஹரின் பாராளுமன்றத்துக்குத் திரும்பப் போக, சாமர சம்பத் தசநாயக்க மூன்றாவது முதலமைச்சரானார். ஒரே தேர்தல், ஒரே சபை, ஓராண்டுக்குள் மூன்று முதலமைச்சர்கள். தமிழ்நாட்டில் 1985க்குப் பிறகு கட்சி தாவினால் சட்டமன்றப் பதவியே போகும் என்று சட்டம் இருக்கிறது. அதையும் சுற்றி வருகிறார்கள் என்பது வேறு விஷயம். இங்கே கட்சி நீக்கினாலும் வழக்கு, நீக்காவிட்டால் வசதி.

இந்தத் தாவல்களில் நமது உறுப்பினர்கள் பின்தங்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஏனென்றால் எதிர்த்தரப்பில் உட்கார்ந்தால் தோட்டத்துப் பாதைக்குக் கொங்கிறீட் வராது என்பது அவர்களுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் சபை மாறியபோது தோட்டத்தில் எது மாறியது என்று கேட்கலாம்.

தேர்தல் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. இந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கிருந்து போய் மண் அள்ளியவர்களும் இந்த அவையில் இருக்கக்கூடும். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? போக இடம் இல்லை. இடம் கொடுக்க வேண்டியவர் யார்? தோட்டக் காணி அரசுடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பெனிகளிடம். வீடு கட்டுவது கொழும்பில் ஓர் அமைச்சு. புத்தம் புதிதாகத் தெரிவான மாகாண சபையால் ஒரு பேர்ச் காணியைக்கூட எடுத்துக் கொடுக்க முடியவில்லை. தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் 2016இல் வந்தன. அவையும் மத்திய அரசு கட்டியவை. பிரதேச சபைகூடத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவழிக்க முடியாதபடி 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவு தடுத்தது. அது திருத்தப்பட்டதே 2018இல்தான்.

மாகாண சபையின் கையில் பெரும்பாலும் இருந்தது பாடசாலை. அங்கே 2018 ஜனவரியில் நடந்ததாகச் சொல்லப்பட்டது நினைவிருக்கும். தமிழ்ப் பாடசாலை அதிபர் ஒருவர் முதலமைச்சர் முன் முழந்தாளிட வைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு நாடு முழுக்கப் பேசப்பட்டது. முதலமைச்சர் மறுத்தார். அவரே மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். அந்தப் பொறுப்பை விட்டு விலகினார். முதலமைச்சராகத் தொடர்ந்தார். சபையின் அமைப்பு என்று நான் சொல்வது ஆசன எண்ணிக்கையை மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரு தமிழ் அதிபர் யாரிடம் முறையிடுவது என்று தயங்க வேண்டிய சபையில் நமக்கு எத்தனை பேர் இருந்தும் என்ன?

கொஞ்சம் பின்னால் போவோம். இந்த மாவட்டத்தில் சபை என்ற எண்ணம் 1988இல் வந்த புதுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1940இல் பதுளைக்கு அருகே வேவஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அதைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவேன் என்று துரையே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆயுதத்தோடு வந்த பொலிசாரின் ஆயுதத்தைத் தொழிலாளர் பிடுங்கினார்கள். கொஞ்ச காலம் வாழ்ந்த சபைதான். ஆனால் அதன் உறுப்பினரைத் தெரிவு செய்தவர்கள் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும். எந்தக் கட்சி அலுவலகத்திலிருந்தும் இலக்கம் வரவில்லை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு இடங்களைப் பிடித்தது, பதுளையில் எஸ்.எம். சுப்பையா வென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம், அதைத் தொடர்ந்து வாக்குரிமை பறிப்பு. 1952இலிருந்து 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வெல்லும்வரை மலையகத் தமிழர் வாக்கில் ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. ஊவாவின் முதல் மாகாண சபைத் தேர்தல் 1988 ஏப்ரலில் நடந்தது. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்க விசேட சட்டம் அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. முதல் சபையைத் தெரிவு செய்யும் நாளில் எத்தனையோ லயன்களில் வாக்காளர் அட்டையே வரவில்லை. சபை எப்படி அமையும் என்பதை வாக்கு எண்ணும் இரவுக்கு வெகு முன்பே யாரோ எழுதிவிடுகிறார்கள். 1948இல் பிரஜாவுரிமையில் எழுதினார்கள். 2014இல் 18 என்றும் 14 என்றும் எழுதினார்கள். மூன்றாவதாக ஒன்று இப்போது மேசையில் கிடக்கிறது.

2017 செப்டெம்பரில் பாராளுமன்றம் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாதி உறுப்பினர் வட்டாரத்தில் தெரிவாக வேண்டும், பாதி விகிதாசாரத்தில். எல்லை நிர்ணயிக்க முன்னாள் நில அளவையாளர் நாயகம் கே. தவலிங்கம் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது. 2018 ஆகஸ்ட் 24 வாக்கெடுப்பில் எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு என்றார்கள். அதன் அறிக்கையை இன்றுவரை யாரும் காணவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. தேர்தல் நின்றது இப்படித்தான். பழைய முறையிலேயே ஒரு தடவை நடத்தலாம் என்று அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் தேர்தல் வரவில்லை.

மாகாண சபை வேண்டும் என்று பேசுகிற நம்மவர்கள் வட்டார முறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். மஹியங்கனையிலிருந்து அப்புத்தளை வரை மாவட்டத்தில் ஒன்பது தேர்தல் தொகுதிகள். மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கான தமிழருக்கு 18இல் மூன்று நான்கு ஆசனம் கணக்குப்படி வரும். அதே மக்களை ஒன்பது வட்டாரமாக வெட்டினால்? இதல்கஸ்ஹின்னையில் கொஞ்சம், தம்பேதென்னையில் கொஞ்சம், கொஸ்லந்தையில் கொஞ்சம், பசறையிலும் ஹாலிஎலவிலும் கொஞ்சம். கோடு எங்கே விழுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. தோட்டங்களைச் சேர்த்துக் கோடு போட்டால் இரண்டு வட்டாரத்தில் வெல்லலாம். தோட்டத்தின் நடுவால் கோடு போனால் எல்லா வட்டாரத்திலும் தோற்கலாம். விகிதாசாரப் பாதியில் கொஞ்சம் மீளலாம். ஆனால் பாதியில் மிச்ச வாக்கின் பலமும் பாதியாகும். பெண்களுக்கு ஒதுக்கீடு என்ற நல்ல அம்சம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பழைய முறைக்குள்ளும் வைக்கலாம்.

வாக்காளரும் 2014இல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் பதுளையின் ஒன்பது ஆசனங்களில் ஆறு தேசிய மக்கள் சக்திக்குப் போனது. பத்தாண்டுக்கு முன் மிச்ச வாக்கில் ஓர் ஆசனம் எடுத்தவர்களின் கூட்டணி அது. அந்த ஆறில் இரண்டு பேர் நம்மவர்: கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல். தோட்டத்துப் பெண் ஒருவர் பதுளையிலிருந்து பாராளுமன்றம் போனார் என்பதைப் பழைய சங்கங்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை என்று நினைக்கிறேன். இலக்கம் சொல்லிக் கொடுக்கும் பிரட்டுக்களத்தின் பிடி தளர்ந்துவிட்டது. அது முழுக்க நல்லதுதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சங்கத்து உறுப்பினரிடம் தோட்டத்துக்காரர் உரிமையோடு சண்டை போடுவார். அலை அடித்து வந்தவரிடம் அந்தச் சண்டையைப் பழக வேண்டும்.

ஆகவே அந்த இருவரிடமும், மற்ற ஏழு பேரிடமும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் சட்டம் மறுபடி பாராளுமன்றத்துக்கு வரும் நாளில், விகிதாசாரத்துக்குக் கை தூக்குவீர்களா, வட்டாரத்துக்கா? வட்டாரம் என்றால் எங்கள் தோட்டங்களின் மேல் கோடு எப்படிப் போகும் என்ற வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள். பதுளைக்கு 18தானா, பழையபடி 21ஆ என்பதையும் சொல்லுங்கள். பதுளைக்கு வரச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்துக்கு அழைக்கலாம். வாடகையை ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் அவர்களைக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.